தையில் கொட்டை, பிப்ரவரியில் விடுதலை

பண்ணைக்காடு,
மார்கழி.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். தங்கச்சி கேட்ட மலைப்பூண்டு அடுத்த பார்சலில் வரும்.

"காப்பித்தூள்தான் நல்லாப் போகுதே, இன்னும் எதுக்குடா அந்த ஹோட்டல் கணக்கு வேலை?" என்று கேட்டிருந்தாய். மே மாத விற்பனையைப் பார்த்துவிட்டு இங்கேயும் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். நானோ மே மாதத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2025 சீசனுக்குக் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று கோர்ட் வரம்பு வைத்தது நினைவிருக்கும். அந்த மாத வியாபாரம் நம் கையில் இல்லை. நான் பார்ப்பது ஐப்பசியும் கார்த்திகையும். மழையில் மலைக்கு ஆளே வராதபோது, பார்சலில் வாங்குகிறவர்களை மட்டும் நம்பி வாடகை, மளிகை, பையன் பீஸ் மூன்றும் ஓட வேண்டும். போன வருடம் பீஸ் சம்பளத்தில் போனது. இந்த வருடம் மூன்றுமே தூளில் ஓடிவிட்டன.

ஆனாலும் உடனே விட முடியாது. காப்பியில் ஒரு சங்கடம் உண்டு. வருடம் முழுவதும் விற்கப்போகிற கொட்டையைத் தை, மாசிக்குள் ரொக்கம் கொடுத்து வாங்கிவிட வேண்டும். தாண்டிக்குடிப் பக்கம் வியாபாரிகள் பணத்தோடு வந்து நிற்கும்போது, நாம் போய் "அடுத்த மாசம் தர்றேன்" என்றால் எந்தத் தோட்டக்காரர் கொடுப்பார்? இதுவரை அந்த ரொக்கம் என் சம்பளத்தில்தான் சேர்ந்தது. பிரேசில் வறட்சியால் 2025 தொடக்கத்தில் அராபிகா காப்பி விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனதே, அப்போது சம்பளம் இல்லாமல் இருந்திருந்தால் பாதிக் கொட்டைதான் வாங்கியிருப்பேன். அதிலும் ஒரு கிலோ வறுத்தால் 800, 850 கிராம்தான் மிஞ்சும். அந்த நஷ்டத்தையும் தூள் விலையில் ஏற்றினால் வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார்.

அதனால் வேலையை விட நான் நாள் குறிப்பது குடோனைப் பார்த்துத்தான். தையில் கொட்டை வாங்கி, பட்டிவீரன்பட்டியில் தோல் நீக்கித் தரம் பிரித்து அடுக்கிவிட்டால் வருடச் சரக்கு கையில் இருக்கும். தை பிறந்ததும் ராஜினாமா கடிதம் கொடுத்தால் பிப்ரவரி நடுவில் விடுவிப்பார்கள். சீசனுக்கு முன் வேறு ஆள் பார்க்க முதலாளிக்கும் அவகாசம் இருக்கும். இந்த மாதத்தோடு பி.எஃப். பென்ஷனுக்கான பத்து வருட சர்வீஸும் முடிகிறது. ஹோட்டல் தரும் குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். செல்விக்குச் சர்க்கரை இருப்பதால் புது பாலிசியில் அதற்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். அதனால்தான் சம்பளம் வரும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்து ஓட்டி வருகிறோம்.

செல்விக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "ஜூன்ல விட்டா கையில நாலு காசு கூட இருக்குமே" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் தூள் அதிகம் விற்கிற அதே மே மாதத்தில்தான் ஹோட்டலில் ஒருநாள் லீவு கூடக் கிடைக்காது. போன மே மாதம் மொத்தமாகக் கேட்டு வந்த இரண்டு கடைக்காரர்களைத் திருப்பி அனுப்பினேன். அந்த நஷ்டம் எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது. பேச்சு இன்னும் நடக்கிறது.

கம்பெனி வேலையை விட்டுத் தவணையில் எம்பிராய்டரி மெஷின் போடலாமா என்கிற உன் கதை வேறு. தவணை மாதாமாதம் கட்ட வேண்டும், பில் பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 45 நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சரி. ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் துணிக்குக் கூலிக்கு வேலை செய்கிறவன், அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா? முதலில் ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வை. அதுவரை கம்பெனியை விடாதே.

அப்புறம், கோயம்புத்தூர் போனால் காப்பித்தூள் அடைக்கிற வால்வு வைத்த கவர் என்ன விலை என்று விசாரி. கால் கிலோ, அரைக் கிலோ இரண்டும் வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை எடுக்கச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
ராஜு