பழைய ரைபிள் தோட்டாக் கூடுகள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கமிருந்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் கடைக்குள் கால் வைத்ததும் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதில்லை. "கூட்டை மாற்றிவிட்டீர்களாமே, அண்ணாச்சி?" என்றுதான் கேட்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், சிலர் சிரிக்காமல். கல்லாவில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

விஷயம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் உள்ள பெரிய வீட்டிலிருந்து, தாத்தா காலத்து .450/400 என்ற பெரிய வேட்டை ரக இரட்டைக் குழல் ரைபிளின் காலிக் கூடுகள், அதாவது சுட்ட பின் மிஞ்சும் பித்தளை உறைகள், ஒரு தகர டப்பாவில் வந்தன. மருந்து நிரப்பித் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று திருப்பிக் கொடுத்தோம். அந்த வீட்டார் நல்ல கூட்டைக் கொடுத்தார்களாம், கீறல் விழுந்த கூடு திரும்பி வந்ததாம், நல்லதை நாங்கள் யாரோ வெளியூர்ச் சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டோமாம் என்று இப்போது டீக்கடை வரை பேச்சு.

இந்த ஒன்றுக்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டப்பா திறக்கப்பட்டது அந்த வீட்டுப் பிள்ளையின் கண் முன்னால். ஒவ்வொரு கூட்டையும் துணியால் துடைத்து, அடியில் பொறித்திருந்த எழுத்தைப் பதிவேட்டில் ஏற்றி, வாயோரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தோம். நாலு கூடுகளில் நகம் தட்டியது. மயிரிழை போல நீளவாக்கில் கீறல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும். அதுவும் பதிவேட்டில் இருக்கிறது, கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர் யாரும் வரலாம். காப்பியும் நான் வாங்கித் தருகிறேன்.

பிறகு கீறல் எங்கிருந்து வந்தது? டப்பா இத்தனை காலம் இருந்தது மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் என்று அவரே சொன்னார். பதில் அதிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் பட்டாளத்துத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பது வழக்கம். மழை விட்ட பிறகு எடுத்துப் பார்த்தால் பித்தளை தானாகவே விரிசல் விட்டிருக்கும். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்து செய்யும் வேலை இது என்று 1921-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அம்மோனியாவுக்குக் குதிரை என்ன, மாடு என்ன. எவர் கையும் படாமலே கூடு கெடும். இதற்காக என் கடைப் பையனைத் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அவங்க அப்பா நிரப்பிக் கொடுத்தார், மகனுக்குக் கை நடுங்குகிறது" என்று என்னைப் பற்றியும் ஒரு பேச்சு. என் அப்பா அன்றைய உரிமத்தின்படி நிரப்பியது பன்றி விரட்டும் விவசாயிகளின் 12 போர் பித்தளைக் கூடுகளை. ரைபிள் தோட்டாவை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. காரணம் உண்டு. 3¼ அங்குல .450/400 கூடு ஒன்றுதான், ஆனால் அதில் மூன்று விதத் தோட்டாக்கள் வந்தன: முதலில் கருமருந்து, பிறகு அதே வேகத்துக்கு அளந்து மிதமாகப் போட்ட கார்டைட் என்ற புகையில்லா மருந்து, கடைசியில் அதையே முழு வலுவில் போட்ட நைட்ரோ. வெளியிலிருந்து பார்த்தால் கூடு ஒன்றுபோலவே இருக்கும். கருமருந்துக்குச் சோதித்த குழலில் நைட்ரோ போனால் முகம் மிஞ்சாது. உங்கள் ரைபிள் எந்த ரகம் என்பதை, குழலைக் கழற்றி அடியிலுள்ள தட்டைப் பகுதியில் குழலின் வலுவைச் சோதித்த சோதனைச்சாலை முத்திரையைப் படித்துத்தான் சொல்ல முடியும். தாத்தா சொன்ன கதையை வைத்துச் சொல்ல முடியாது.

கார்டைட்டும் இப்போது எங்கே? சேமியாக் கட்டு போல வந்த அந்த மருந்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். நம் கத்திரி வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நீளக் கழுத்துள்ள இந்த 3¼ அங்குலக் கூடு வெப்ப நாடுகளில் சுட்டபின் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அதனால்தான் ஜெஃப்ரி நிறுவனம் 1902-ல் விளிம்பைத் தடிமனாக்கி 3 அங்குலக் கூட்டைக் கொண்டு வந்தது. வெளிநாட்டில் இப்போது புதிதாக வருவதாக நீங்கள் செல்போனில் காட்டுவது அந்த 3 அங்குலம். உங்களுடையது அது அல்ல. பழைய கூடுகளைச் செய்த இங்கிலாந்தின் கைனாக் நிறுவனம் 1970-ஐ ஒட்டி இந்த வேலையையே விட்டுவிட்டது. போதாக்குறைக்கு, பழைய கூடுகளில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருக்கும் குழிக்குள், அது அடிபட்டு நசுங்க உதவும் பட்டறைமுனை கூட்டோடு சேர்ந்தே இருக்கிறது, பக்கத்தில் இரண்டு சிறு துளைகள். இன்றைய வழக்கமான பிரைமர் அதில் உட்காராது.

இவ்வளவையும் தாண்டினாலும் சட்டம் நிற்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கத் தனியே உரிமம் வேண்டும். எங்களிடம் இருப்பது விற்பனை, பழுதுபார்ப்பு, பாதுகாப்பில் வைத்தல் ஆகியவற்றுக்கு மட்டும். கல்யாணத்தில் இரண்டு வேட்டுப் போடத்தானே என்கிறார்கள். பிறருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. புலி வேட்டைக்கோ 1972-லேயே சட்டம் கதவை மூடிவிட்டது. முண்டந்துறைக் காடு அதற்கும் முன்பே, 1962-லேயே சரணாலயம் ஆகிவிட்டது. ஆயுத பூசைக்கு எண்ணெய் போட்டுச் சந்தனம் வைத்து வணங்குங்கள். அந்த ரைபிளுக்கு அந்த மரியாதை போதும். எண்ணெய் நாங்களே போட்டுத் தருகிறோம்.

சொல்ல மறக்கக் கூடாத இன்னொன்று. எங்கள் மிஸ்திரி கண்பார்வை குறைந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். குழல் கழற்றும் அளவுக்குக் கை பழகிய ஆள் கிடைக்கும் வரை பழுது வேலை செவ்வாய், வெள்ளி மட்டும். 12 போர், 315 தோட்டாக்கள் வழக்கம்போல் உண்டு. வரத்துச் செலவு ஏறியதால் விலையில் சிறிது மாற்றம். பாதுகாப்பில் வைக்கும் துப்பாக்கிகளுக்கான மாதக் கட்டணம் சித்திரை முதல் இரட்டிப்பாகிறது. விவரம் உள்ளறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது, கூப்பிடாமலே வந்து விடிய விடியத் துப்பாக்கிகளைத் துடைத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் உங்கள் வீட்டுத் துப்பாக்கியை நம்பி எங்களிடம் ஒப்படைக்கிறவர்களும் நீங்களே. உங்களில் ஒருவர்கூட அந்தப் பேச்சை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். நம்பியிருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள், பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

நிரப்பித் தரச் சொல்லிக் கொடுத்த கூடுகள் இன்னும் சிலருடையவை எங்களிடம் இருக்கின்றன. இம்மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது அசல் லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், ஜெராக்ஸ் செல்லாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்