மொட்டைத் தென்னைக்கு ஜூன் வரை தவணை கேட்டு

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் நிற்கும் மொட்டைத் தென்னையை வெட்டிவிடலாம் என்று முடிவானது. நானும் கையைத் தூக்கினேன். இடி விழுந்து குருத்து கருகி இரண்டு வருஷம் ஆகிறது, இனி காய்க்கப்போவதில்லை, யார் தலையிலாவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று செயலாளர் சார் கேட்டதில் நியாயம் இருந்தது. மறுநாள் காலை துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவசரப்பட்டுக் கையைத் தூக்கிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

மாடியின் பின் மூலையில் நின்றால் மரத்தின் மேல் பொந்து கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு பெண் கிளி தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. கழுத்தில் வளையம் போட்ட ஆண் கிளி வந்து பொந்தின் விளிம்பைத் தொற்றிக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டி, கக்கிய இரையை அதன் அலகுக்குள் வைத்தது. நாலைந்து அடி கீழே இன்னொரு பொந்து. அதற்குள்ளிருந்து மஞ்சள் கண் இரண்டு என்னையே முறைத்தன. புள்ளி ஆந்தை.

அந்தப் பொந்துகளைக் குடைந்தது கிளியும் இல்லை, ஆந்தையும் இல்லை. பொன்முதுகு மரங்கொத்தி. பட்ட மரம் இளகிக் கிடக்கும், கொத்துவது சுலபம். போன வருஷம் அது கொத்திக்கொண்டிருந்தபோது, எந்த வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறது என்று வாட்ச்மேன் அண்ணன் மாடி மாடியாக ஏறிப் பார்த்தார். மரங்கொத்தி காலி செய்துவிட்டுப் போன இடத்தில் இப்போது மற்ற இரண்டும் குடியேறியிருக்கின்றன, அட்வான்ஸ் கொடுக்காமல்.

"அதுங்க எப்படியும் பிழைச்சுக்கும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பாதி உண்மைதான். ஏ பிளாக் வேப்பமரத்தில் இருக்கும் காக்கைக் கூட்டைப் பாருங்கள்: கேபிள் ஒயர், துணி மாட்டும் கம்பி, நடுவில் என் வீட்டு நீல கிளிப் ஒன்று. அத்தனை கஷ்டப்பட்டுக் கட்டிய கூட்டில் குயில் வந்து தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இன்டர்நெட் ஒயரில் கழைக்கூத்தாடி மாதிரி நடந்து சப்போட்டா மரத்துக்குப் போகிறது மரநாய். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் நம் தெருவின் தூங்குமூஞ்சி மரங்களைச் சாய்த்துப் போட்ட மறுநாள், அணில்கள் விழுந்த கிளைகளுக்குள் ஓடியாடிக்கொண்டிருந்தன. நாமோ கரண்ட் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதிலும் சார்ஜ் இல்லை.

ஆனால் இவை ஒவ்வொன்றும் பிழைத்தது நாம் விட்டுவைத்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான். ஒயர், கம்பி, சப்போட்டா, பட்ட மரம். சிட்டுக்குருவியும் கெட்டிக்காரப் பறவைதான். ஓட்டு வீடுகளின் சந்துகள் போன பின் நம் தெருவில் அதைக் காணோம். செல்போன் டவர்தான் காரணம் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூடு கட்ட இண்டு இடுக்கு இல்லாவிட்டால் எந்தக் கெட்டிக்காரத்தனம் கைகொடுக்கும்?

வடக்கே சுமார் 270 ஹெக்டேரில் கிண்டி தேசியப் பூங்கா, தெற்கே, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம். இரண்டுக்கும் வேலியும் காவலும் உண்டு. நாம் நடுவில் இருக்கிறோம். நம் பின்கட்டுக்கு நாம்தான் காவல்.

ஆந்தை இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று மாமி ஒருவர் கவலைப்பட்டார். மாமி, குப்பைத்தொட்டிப் பக்கம் ஓடும் சுண்டெலியையும் கரப்பானையும் சம்பளம் வாங்காமல் பிடிக்கிற ஜீவன் அது. அப்புறம், அந்தப் பக்கம் எலி மருந்து வைக்க வேண்டாம். மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் போய்விடும். பொறி வையுங்கள், போதும்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவதாக நினைக்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதைக்கூட வேட்டை என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. பின்னால் நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

கேட்பது ஜூன் வரை தவணை. அதற்குள் இரண்டு குடும்பத்தின் குஞ்சுகளும் பறந்துவிடும். பொந்துகள் காலி என்று உறுதி செய்துகொண்டு, வெட்டும்போதும் அடியோடு வேண்டாம், பத்துப் பன்னிரண்டு அடி விட்டு வெட்டலாம். அந்த உயரத்துக்கு அது எந்தக் கார் மேலும் விழாது. மரங்கொத்தி மறுபடியும் வரலாம்.

அதுவரை பயம் என்றால், மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அதன் கீழே நிற்பவை இரண்டு கார்கள். ஒன்று பொருளாளர் சாருடையது, அதை முன்பக்கம் விருந்தினர் இடத்தில் விடட்டும். இன்னொன்று என்னுடையது, தெருவில் விட்டுக்கொள்கிறேன். மரம் வெட்டுகிறவருக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வராது என்றால், அடுத்த மாத மெயின்டனன்ஸில் என் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாவது மாடி