ஆண்டு விழா மாறுவேடப் போட்டி: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு, பேச்சு, ஓவியம் என்று எல்லாப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். வகுப்பு நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தவர்களுக்கு நன்றி.

ஆண்டு விழா மாறுவேடப் போட்டியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் பாரதியாரும் கட்டபொம்மனும்தான் மேடை ஏறுவார்கள். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதிலிருந்து நம் பள்ளியில் விண்வெளி வீரர்களும் ரோபோக்களும் பெருகிவிட்டார்கள். டவுன்ஹால் ரோட்டில் எல்.இ.டி.யும் சுவிட்சும் வாங்கி, அப்பாவும் பிள்ளையும் ராத்திரி உட்கார்ந்து ஒயர் இணைக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது மனசு நிறைந்துபோகிறது. வாடகைக்கு எடுத்த உடையைவிட அது எவ்வளவோ மேல்.

போன வாரம் ஒத்திகைக்கு நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ரோபோவாக வந்தான். டிவி வந்த அட்டைப்பெட்டி, மேலே சமையலறை அலுமினியத் தாள். நெஞ்சில் பழைய ரிமோட் பட்டன்களும் குடிநீர்ப் பாட்டில் மூடிகளும் ஒட்டிய கண்ட்ரோல் பேனல். அவ்வளவு அழகு! வரிசையில் நின்றவன் திடீரென்று, “டீச்சர், முதுகு சுடுது” என்றான். பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், பழைய பவர் பேங்கிலிருந்து பிரித்தெடுத்த லித்தியம் செல் ஒன்றை வெறும் செல்லோடேப்பால் ஒட்டியிருந்தது. டேப் விலகி, அலுமினியத் தாள் செல்லின் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டது. அந்தத் தாளிலும் மின்சாரம் பாயும், ஷார்ட் ஆகிவிட்டது. பனியன் மேல் ஒரு ரூபாய் அளவுக்குக் கருகல். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். பிரித்தெடுத்த லித்தியம் செல், பிளக்கில் சொருகும் சீரியல் செட், வட்டமான பட்டன் செல் இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த உடையோடு யாரையும் மேடை ஏற்ற மாட்டேன். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். உடன் வரும் தம்பி தங்கைகளையும் நினைத்துப் பாருங்கள். இதில் சிபாரிசுக்கு வர வேண்டாம்.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் செல் மூன்று, மூடியுள்ள பேட்டரி பெட்டியில் போட்டால் 4.5 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் போதும். ஒயர் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பேட்டரியை முதுகில் வைக்காமல், பிள்ளையே அணைக்கிற மாதிரி இடுப்புப் பக்கம் வையுங்கள். பேட்டரி பெட்டியை வெல்க்ரோவால் மாட்டினால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். விளக்குச் செலவு 200 ரூபாயைத் தாண்ட வேண்டாம். பக்கத்து இருக்கைப் பிள்ளையின் வீட்டு நிலைமையும் நமக்குத் தெரியும்தானே.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் அறிவியல் ஆய்வகம் திறந்திருக்கும். உடையைக் கொண்டுவாருங்கள். ஒயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் வேலையை நாங்களே செய்து தருகிறோம்.

அந்தப் பையனின் அம்மா மறுநாளே வந்து, ஆசிரியையோடு உட்கார்ந்து முழு ஒயரிங்கையும் மாற்றிவிட்டுப் போனார். கோபப்படாமல் புரிந்துகொண்ட அவருக்கும், வேலை முடிந்து வந்த அலுப்போடு பிள்ளைக்காக அட்டை வெட்டும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்