கோடு எழுதாதவங்களும் உள்ள இருக்கோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஓப்பன் சோர்ஸ் (நிரல், அதாவது கோடு, எல்லாரும் பாக்கற மாதிரி தொறந்து வச்ச) சாஃப்ட்வேர் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கோடு எழுதத் தெரிஞ்சவங்க சேந்து உருவாக்குறாங்க மத்தவங்க சும்மா டவுன்லோட் பண்ணி யூஸ் பண்ணிக்கலாம்ங்கற மாதிரி முடிச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. நடுவுல ஒரு கூட்டம் இருக்குங்க. நானும் அதுல ஒருத்தன். எனக்கு ஒரு வரி கோடு எழுதத் தெரியாது, ஆனா நாலஞ்சு வருஷமா ஒரு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு சம்பளம் இல்லாத டெஸ்டர்.

புது வெர்ஷன் வந்ததும் மொதல்ல போட்டுப் பாத்து "வேலை செய்யல"ன்னு சொல்றவன்தானேன்னு நெனைப்பாங்க. உண்மையில அந்த "வேலை செய்யல" ரிப்போர்ட்தான் இருக்கறதுலயே உருப்படாதது. எந்த வெர்ஷன், எந்த ஓஎஸ் (விண்டோஸா லினக்ஸான்னு), என்ன பண்ணா வருது, என்ன வந்திருக்கணும், பழைய வெர்ஷன்லயும் இதே கதையா, இவ்வளவும் இருந்தாத்தான் டெவலப்பர் கையே வைப்பாரு, அவரு மெஷின்ல கோளாறு வரலன்னா பாவம் அவரும்தான் என்ன பண்ணுவாரு.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒருத்தர் "எக்ஸ்போர்ட் பண்ணா சவுண்ட் சரியில்ல"ன்னு மட்டும் போட்டுட்டு போயிட்டாரு. யாருமே கண்டுக்கல. நான் அவர்கிட்ட கேட்டு கேட்டு விஷயத்த வாங்குனேன், வாய் அசையறதுக்கு முன்னாடியே பேச்சு கேக்குதாம், அதுவும் கடைசி ரெண்டு நிமிஷத்துல மட்டும். ஃபைல கேட்டா சொந்த வீடியோ, தர மாட்டேன்னுட்டாரு, நியாயம்தான். சரின்னு என் போன்ல எடுத்த கிளிப்பா பொறுக்கி அறுபது கிளிப் வச்சு ஒரு டைம்லைன் போட்டேன், ரெண்டாவது நாள் ராத்திரி அதே கோளாறு எனக்கும் வந்துச்சு, அப்ப வந்த சந்தோஷம் இருக்கே, வீட்டுல இருக்கறவங்களுக்கு அதச் சொல்லிப் புரியவைக்கவே முடியல. அப்புறம் பாதிய அழிச்சேன், இன்னும் வந்துச்சு, அதுலயும் பாதிய அழிச்சேன், இப்படியே போயி கடைசில ரெண்டே ரெண்டு கிளிப் மிஞ்சுச்சு. வெளிச்சம் கம்மியான எடத்துல போன் தானாவே ஃப்ரேம் ரேட்ட (செகண்டுக்கு எத்தன படம்ங்கறத) கொறைச்சுக்கும், அப்படி எடுத்த ஒரு கிளிப்போட வேகத்த மாத்திட்டு பக்கத்துல சாதா கிளிப் வச்சா போதும், சவுண்ட் நழுவிடும்.

இதோட முடியல. போன வெர்ஷன்ல இது சரியா இருந்துச்சு, அப்ப நடுவுல யாரோ பண்ண ஒரு மாத்தம்தான் காரணம். அதையும் இதே பாதி பாதி கணக்குலதான் தேடுவாங்க, கோடுல நடந்த மாத்தத்தயெல்லாம் பதிஞ்சு வைக்கற கிட்ங்கற டூல்ல பைசெக்ட்னு கட்டளையே இருக்கு, ஆயிரம் மாத்தம் இருந்தாலும் சுமாரா பத்து தடவ போட்டுப் பாத்தா ஆள் சிக்கிடும். கோடு தெரியாதவனுக்கு இது எப்படி முடியும்னு கேட்டா, லிப்ரெஆபீஸ்ங்கற ஆபீஸ் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல நேரா ஓட்டிப் பாக்கற மாதிரி ரெடியா கட்டி வச்ச பழைய பில்டுகள வரிசையா அடுக்கிக் குடுத்துடறாங்க, நம்ம வேலை ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்து நல்லது கெட்டதுன்னு சொல்றது மட்டும்தான், அதுக்கு பைபிசெக்ட்னு பேரு. எங்க ப்ராஜெக்ட்ல அந்த வசதி இல்ல, வாராவாரம் வந்த பில்டுகள நானே சேத்து வச்சிருந்ததால தப்பிச்சேன். கடைசில டெவலப்பர் மாத்துனது ஒரே ஒரு வரி. ரிலீஸ் குறிப்புல அவர் பேரு வந்துச்சு, என் பேரு வரல. (கொஞ்சம் வருத்தம்தான், மறைக்க என்ன இருக்கு.)

லினக்ஸ் ஓஎஸ்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல இந்த விஷயத்துல மொறையா நடந்துக்கறாங்க. ஒரு திருத்தம் உள்ள போகும்போது கோளாறச் சொன்னது யாரு, சோதிச்சுப் பாத்தது யாருன்னு அந்தத் திருத்தத்தோட குறிப்புலயே தனித்தனி வரியா போட்டுடறாங்க, அது நிரந்தரமா வரலாறுல நிக்கும். ஒம்போது பத்து வாரத்துக்கு ஒரு தடவ அவங்க வெர்ஷன் வருது, அதுல மொத ரெண்டு வாரம்தான் புதுசு புதுசா சேக்கறது, மிச்ச நாள் பூரா வாரம் ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்) விட்டு சோதிக்கச் சொல்லி உடைஞ்சத ஒட்டறதுதான் பொழப்பு.

2024 மார்ச்ல நடந்தத உங்க கட்டுரையிலயே சேத்திருக்கலாம். எக்ஸ்இசட்னு ஃபைல சுருக்கற ஒரு டூல், அதோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல யாரோ திட்டம் போட்டு ரகசியமா உள்ள நுழையறதுக்கு பின்வாசல் வச்சுட்டாங்க. கண்டுபிடிச்சவரு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸோட டெவலப்பர், அப்ப மைக்ரோசாஃப்ட்ல வேலை. அவரு செக்யூரிட்டி ஆளே இல்ல, டெபியன்ங்கற லினக்ஸோட அன்ஸ்டேபிள்ங்கற சோதனைக் கிளைய ஓட்டிக்கிட்டு வேற எதையோ அளந்துட்டு இருந்தப்ப எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள நுழையற வழி) லாகின் அரை செகண்ட் லேட் ஆவுதேன்னு உறுத்திருக்கு. அரை செகண்ட்! நாம கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள போயிடும். அவரு விடாம தோண்டுனதாலதான் டெபியனோட ஸ்டேபிளுக்கு, அதாவது சோதிச்சு முடிச்ச கிளைக்கு, போறதுக்கு முன்னாடியே பிடிபட்டுச்சு. சோதனைக் கிளைன்னு ஒண்ணு தனியா இருக்கறதும் அத நெசமாவே தினம் ஓட்டற ஆளுங்க இருக்கறதும் எதுக்குன்னு இதுலயே தெரியுது. இதுக்கு நேர் எதிரா, இணையத்துல போற தகவல பூட்டி அனுப்பற ஓப்பன்எஸ்எஸ்எல்ல இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை, 2012ல ரிலீஸ் ஆன வெர்ஷன்ல வந்தது 2014 ஏப்ரல் வரைக்கும் வெளிய தெரியல. கோடு என்னமோ எல்லாருக்கும் தொறந்துதான் கெடந்துச்சு, பாக்கத்தான் ஆளில்ல.

எங்க ஆளுங்க மேலயும் தப்பு உண்டு, சும்மா வந்து கத்திட்டுப் போறவங்க, ஏற்கனவே இருக்கான்னு தேடாம ஒரே பிரச்சனைய பத்து தடவ போடறவங்க எல்லாம் இருக்காங்க. ஆனா ரெண்டு வருஷம் ஒருத்தரும் தொடாத ரிப்போர்ட்ட ரொம்ப நாளா அசைவு இல்லன்னு சொல்லி ஒரு பாட் (தானியங்கி புரோகிராம்) தானா மூடிட்டுப் போகும் பாருங்க, அத ஏத்துக்கவே முடியல. அசையாம இருந்தது நாங்களா? என்னோடது மூணு அப்படி மூடுச்சு, மூணுமே புது வெர்ஷன்லயும் அப்படியே இருக்கு, நேத்துதான் ஓட்டிப் பாத்து திரும்பத் தொறக்கச் சொல்லி எழுதிருக்கேன்.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போடும்போது கோடு தெரியாதவங்க எப்படிச் சேரலாம்னு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க, எழுத ஆள் இல்லன்னா நானே எழுதித் தரேன்.

இப்படிக்கு,
உங்க வாசகன்