வெள்ளவத்தை அறிவியல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டும் போயா விடுமுறைகளில்தான் கூடினோம். ஒருமுறை எங்களுக்குத் தந்த மண்டபத்தையே வேறொரு தரப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். அன்று ஓர் அங்கத்தவர் வீட்டு மொட்டைமாடியில் இருந்து பேசினோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நண்டின் கொடுக்கை ஆராய்ந்த கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காலையில் சந்தையில் வாங்கிய சேற்று நண்டை அவித்து, கொடுக்கின் சதையை வழித்தெடுத்தோம். உள்ளே மெல்லிய தகடுகள் இரண்டு. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அகன்ற தகட்டை இடுக்கியால் இழுத்தாள், கொடுக்கு மூடியது. ஒடுங்கியதை இழுத்தாள், திறந்தது. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தசை. மூடும் தசைதான் நாம் விரும்பிச் சாப்பிடும் பெரிய சதை.

நம் கைகால் தசைக்கு வரும் நரம்பு ‘சுருங்கு’ என்று மட்டுமே சொல்லும். ‘வேண்டாம்’ என்பது முள்ளந்தண்டிலேயே முடிவாகிவிடும். நண்டு, இறால் வகைகளில் அந்த ‘வேண்டாம்’ தனி நரம்பாகத் தசை வரைக்குமே வருகிறது. உடலியலாளர் பீடர்மன் இதை 1887இல் நன்னீர்ச் சிங்கி இறாலின் கொடுக்கில் கண்டார்.

எதற்கு இந்த ஏற்பாடு என்று கேள்வி வந்தது. அன்றைய கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொடுக்கைத் திறக்கும் தசைக்கும், அதற்கு முந்திய மூட்டை நீட்டும் தசைக்கும் தூண்டும் நரம்பிழை ஒன்றே ஒன்று. அது துடித்தால் இரண்டும் சேர்ந்து சுருங்க வேண்டும். ஆனால் தடுக்கும் இழைகள் தனித்தனி. ஆகவே ஒன்றை அடக்கி மற்றதை மட்டும் இயக்க நண்டால் முடிகிறது.

தடுக்கும் இழை காபா (GABA) என்ற வேதிப்பொருளை விடுகிறது. அது தசையில் குளோரைட்டு அயனிகள் போய்வரும் வாயில்களைத் திறக்க, தூண்டலின் மின் விளைவு மங்கிப்போகிறது. அதோடு நிற்கவில்லை: தூண்டும் இழையின் நுனியிலேயே போய் உட்கார்ந்து, அது விடும் குளூட்டமேட்டு என்ற தூண்டும் பொருளையும் குறைக்கிறது. இதை ஆய்வாளர்கள் டூடலும் குஃப்லரும் 1961இல் காட்டினார்கள். சிங்கி இறாலின் தடுப்பு நரம்பைத் தூண்டினால் காபா வெளிவருவதை கிராவிட்ஸ் குழுவினர் 1966இல் அளந்தார்கள். மருந்தகம் நடத்தும் அங்கத்தவர் ஒருவர் எழுந்து, பதற்றம் தணிக்கும் டயஸிபாம் மாத்திரை நம் மூளையில் இந்தக் காபாவின் வேலையைத்தான் வலுப்படுத்துகிறது என்றார். அதன்பிறகு தேநீர் ஆறும் வரை ஒருவரும் எழவில்லை.

தசையின் மின்துடிப்பைத் திரையில் பார்க்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். பழைய ஒசிலோஸ்கோப் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து செயற்குழுவிடம் சொல்லுங்கள்.