உனக்கும் கொஞ்சம் மித்தா

ரங்கூன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொண்டுவந்த உன் தம்பி மகன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். இங்கே எல்லாரும் சுகம். மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. எண்ணெய் விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. பேத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வகுப்பில் தமிழ் எழுதப் பழகுகிறாள். வாயைத் திறந்தால் பர்மியம்தான் வருகிறது, ஆனாலும் தன் பெயரைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை இன்னும் முன்னாலேயே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், என்னால்தான் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. கடையையும் பார்த்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் விழித்து, படுக்கைப்புண் வராமல் அம்மாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தவள் நீ. இதே வரியை நான் உனக்கு எழுதியிருந்தால் என்ன பதில் போட்டிருப்பாய்? மோல்மேனிலிருந்து அடுத்த வண்டியைப் பிடித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டிருப்பாய். அந்த மனசு உன் பக்கம் மட்டும் ஏன் திரும்ப மாட்டேன் என்கிறது?

தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு நான் யேக்தாவில், அதுதான் தியான மையத்தில், போய் உட்கார்ந்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். பஹானில் இருக்கிற மஹாசி யேக்தாதான். 1949-ல் அப்போதைய பிரதமர் ஊ நூ அழைத்து மஹாசி சயாடோ என்ற மூத்த பிக்கு ரங்கூனுக்கு வந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய இடம். ஊரே தண்ணீர் ஊற்றி ஆடுகிற நேரத்தில் உள்ளே நாங்கள் பழுப்பு லுங்கியும் தோளில் பழுப்புத் துண்டுமாக நடக்கிறோம். பகல் பன்னிரண்டுக்கு மேல் சாப்பாடு கிடையாது. ஒரு மணி உட்காருவது, ஒரு மணி நடப்பது, அவ்வளவுதான் வேலை. வயிறு உப்பும்போது 'உப்புகிறது', அடங்கும்போது 'அடங்குகிறது' என்று மனசுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். கால் வலித்தால் 'வலி, வலி'. எதையாவது நினைத்தால் 'நினைப்பு, நினைப்பு'. அப்புறம் மறுபடியும் வயிற்றுக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது நாளே எனக்குள் ஒரு குரல் ஆரம்பித்துவிட்டது. இத்தனை வயதாகியும் ஒரு மணி நேரம் உட்காரத் துப்பில்லையே என்று. இப்போது அங்கே சொல்லிக் கொடுக்கிற சயாடோவிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. 'அதையும் குறித்துக்கொள். திட்டுகிறது, திட்டுகிறது என்று. அப்படித் திட்டும்போது உடம்பில் எங்கே என்ன நடக்கிறது, பார்' என்றார். பார்த்தேன். தாடை இறுகி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடித்துக்கொண்டு கிடந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. பார்க்கப் பார்க்கத் தாடை தானாகத் தளர்ந்தது. குரல் நின்றுவிடவில்லை. ஆனால் அது சொல்வதெல்லாம் தீர்ப்பு என்று நான் எடுத்துக்கொள்வது நின்றது. கால்வலி வருவதுபோல அதுவும் வருகிறது, இருக்கிறது, போகிறது. உனக்கு வருகிற 'என்னால்தான்' என்பதும் இந்த ஜாதிதான். அதோடு வாதாடாதே. ஜெயிக்க முடியாது. பல்லைக் கடித்திருக்கிறோமா என்று மட்டும் பார்.

மாலையில் மித்தா அனுப்புவார்கள், எல்லா உயிரும் நன்றாக இருக்கட்டும் என்று அன்போடு நினைப்பது. அங்கேதான் எனக்குத் திக்கென்றது. 'அஹம் அவேரோ ஹோமி, அப்யாபஜ்ஜோ ஹோமி' என்று தன்னிலிருந்துதான் ஆரம்பம். எனக்குப் பகை இல்லாமல் இருக்கட்டும், எனக்கு மனத்துயர் இல்லாமல் இருக்கட்டும். வாயே வரவில்லை. நாம் விளக்கேற்றும்போது பிள்ளைகள், பேரக்குழந்தைகள், வீட்டுக்காரர் என்று வரிசையாக வேண்டிக்கொள்வோமே தவிர, நமக்கென்று என்றைக்குக் கேட்டோம்? கேட்டால் சுயநலம் என்றுதானே வளர்த்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர் இதற்குக் காரணம் சொல்கிறார். தன்னைச் சாட்சியாக வைத்துக்கொள்ளத்தான் இந்த முதலிடம். எனக்குச் சுகம் பிடிக்கிறது, துன்பம் பிடிக்கவில்லை, எல்லா உயிருக்கும் அப்படித்தானே என்று புரிவதற்கு. தன் வலியை வலியென்று ஒத்துக்கொள்ளாதவள் அடுத்தவள் வலியை எப்படிப் புரிந்துகொள்வாள்?

அதே நூலில் ஒரு கதை இருக்கிறது. ஓர் இளம் பிக்கு தன் ஆசானை நினைத்து மித்தா பழகுகிறார். எவ்வளவு முயன்றும் மனசு கூடவில்லை. மூத்தவரிடம் போய்ச் சொன்னால், 'யாரை நினைத்துச் செய்கிறாயோ அவரைத் தேடிப் பார்' என்கிறார். தேடிப் போனால் ஆசான் இறந்துவிட்டது தெரிகிறது. வேறொருவரை நினைத்துச் செய்ததும் கூடிவிடுகிறது. மித்தா உயிரோடு இருப்பவர்களுக்கு. அம்மாவுக்குத் திதி கொடு, படத்துக்குப் பூ வை, அழு. அதையெல்லாம் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இப்போது கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிற உயிர் நீதான், அம்மா இல்லை.

நாம் கோயில்காரர்கள், இதெல்லாம் சரிப்படுமா என்று கேட்டாயே. பின்னாளில் விபாசனா தியானம் சொல்லிக் கொடுத்த கோயங்கா, மாண்டலேயில் பிறந்த ஆசாரமான இந்து வீட்டுப் பிள்ளை. தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-ல் தியான ஆசிரியர் ஊ பா கினிடம் போனார். ஊ பா கின் துறவிகூட இல்லை, நாட்டின் தலைமைக் கணக்காளராக இருந்தவர். கோயங்காவுக்கும் உன்னுடைய அதே தயக்கம்தான் இருந்தது. ஒழுக்கம், மன ஒருமை, ஞானம், இந்த மூன்றில் எது உன் மதத்துக்கு ஆகாது என்பதுபோலக் கேட்டுத்தான் ஊ பா கின் அவரைச் சேர்த்துக்கொண்டார். நான் காளி கோயிலுக்கும் போகிறேன், யேக்தாவுக்கும் போகிறேன். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

மகள் போனில் சொன்னாள், அமெரிக்காவில் கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003 முதல் இதைப் பற்றி எழுதி வருகிறாராம். தன்னிடம் கனிவு, துன்பம் எல்லாருக்கும் பொது என்ற உணர்வு, நடப்பதை நடக்கிறபடி கவனிப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தன்மேல் காட்டும் கருணை என்கிறார். உனக்கு நடுவில் உள்ளதுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு 'இன்னும் முன்னாலேயே' என்று நினைக்காத மகள் யார்?

ஆனால் ஒன்று, இப்போதே நீ யேக்தாவுக்கு ஓடாதே. துக்கம் பச்சையாக இருக்கும்போது நாள் முழுக்க வாய் மூடி உட்காருவது தாங்காது. வீட்டிலேயே, படுக்கப் போகும் முன் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் மூச்சைப் பார். எனக்கு நல்லது நடக்கட்டும் என்று சொல். அழுகை வந்தால் அழு. நெஞ்சு அடைத்தால் கண்ணைத் திறந்து எழுந்து நட, யாரையாவது கூப்பிட்டுப் பேசு. தூக்கமே இல்லாமல் நாட்கள் போனால் டாக்டரிடம் போ. அதுவும் உனக்கு நீ செய்துகொள்ளும் உபகாரம்தான்.

வருஷத் திதி முடிந்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வா. பேத்தி தன் அறையை உனக்குத் தருகிறேன் என்கிறாள். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல், இவர் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்து வருவார்.

உன் பழைய சிநேகிதி