தேதி கொடுக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மீட்டிங் வந்ததால் போனைப் பாதியில் வைத்துவிட்டாய், மிச்சத்தை எழுதிவிடுகிறேன். புது சாஃப்ட்வேரைப் பொங்கலுக்குள் முடிப்பதாக மேனேஜரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாய். எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று வரிசையாகச் சொன்னாய். கூட்டலில் தப்பில்லை. ஆனால் உன் டீம் இதற்கு முன்னால் செய்த வேலைகள் அதில் எங்குமே இல்லை. எனக்கு அதுதான் கவலை.

2002-ல் பொருளாதார நோபல் வாங்கிய உளவியலாளர் டேனியல் கானமன், 1970களில் இஸ்ரேலில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதக் குழு சேர்த்தார். எப்போது முடியும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னால், எல்லோரும் இரண்டு வருஷத்தை ஒட்டியே எழுதினார்கள். பாடத்திட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் அங்கே இருந்தார். அவர் சீட்டிலும் அதே கணக்குத்தான். அப்புறம் அவரிடமே, இதுபோன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டார் கானமன். நூற்றுக்கு 40 குழு முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கும் ஏழு வருஷத்துக்குக் குறையவில்லை என்றார் அவர்! இவ்வளவும் தெரிந்தவருக்கு, சீட்டு எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை. அதைக் கேட்டும் யாரும் வேலையை நிறுத்தவில்லை. புத்தகம் முடிய எட்டு வருஷம் ஆனது. அதற்குள் கல்வி அமைச்சகத்துக்கே ஆர்வம் போய், அது பயன்படாமலே கிடந்தது.

நம் மாடி கான்கிரீட்டையும் நினைத்துப் பார். சென்ட்ரிங் அடிக்க, கம்பி கட்ட, கான்கிரீட் போட என்று மேஸ்திரி நாள் பிரித்திருந்தார். கம்பிக்கு நடுவே பைப் பதிக்காமல் கான்கிரீட் போட முடியாது, எலக்ட்ரீஷியனோ வேறு சைட்டில் இருந்தார். அவருக்காகக் காத்திருந்த நாளும் ஐப்பசி மழையும் யார் கணக்கிலும் இல்லை.

அதனால் உன் ஆபீசில் கடைசியாக முடிந்த நாலைந்து ப்ராஜெக்டை எடு. சொன்ன தேதியையும் முடிந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. எங்கள் டீம் அவர்களைவிடக் கெட்டி என்று உனக்குத் தோன்றும். அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அப்புறம் கேரி க்ளைன் என்பவர் சொன்ன ஒரு வழி இருக்கிறது: வேலை ஏற்கெனவே படுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, எதனால் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட அதில் எழுதிவிடுவார்கள்.

கஸ்டமருக்குத் தேதி போகுமுன் மேனேஜரிடம் பேசிவிடு. முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஜனவரியில் நீ ராத்திரியெல்லாம் கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதை எங்களால் பார்க்க முடியாது. என்ன சொன்னார் என்று போன் பண்ணு, அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா